இந்த மாசமும்

“இந்த மாசமும் இல்லையா?”

கழிப்பறையிலிருந்து வந்த மாமியார், ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி மருமகளைப் பார்த்தாள். “கோப்பை ஓரத்துல ரத்தம். தண்ணியை நல்லா ஊத்திட்டு வரக்கூடாதா?”

முட்டை பொரித்துக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றது. மூன்று பேருக்கும் ஒரே கழிப்பறைதான் அந்த வீட்டில். அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் வாசலில் உட்கார்ந்து செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சலூனில் முடிவெட்ட வருகிறவர்களின் காது புளிக்கப் பேசுகிறவன், இப்போது வாயே திறக்கவில்லை. கட்டியவளுக்காக ஒரு வார்த்தை பேசத் துப்பில்லை.

“கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. உன் மாமனார்தான் கிட்னி கெட்டு, பேரப்பிள்ளை முகத்தைப் பாக்காமலே போய்ச் சேர்ந்தாரு. நானாவது பாக்கணும்னு ஆசைப்படறேன், அது தப்பா?” மாமியாரின் குரல் உடைந்தது. கோபமாய்த் தொடங்கினாலும் அழுகையில்தான் முடிப்பாள்.

“மன்னிச்சிடுங்க அத்தை, கவனிக்கல” என்ற மருமகள், தன் தட்டு முட்டையை மூக்குக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாள்.

“ஒண்ணு சொல்லிடக் கூடாது, உடனே சாப்பாட்டு மேல கோபம்” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே மாமியார் உள்ளே போனாள்.

மருமகள் வாசலுக்கு வந்து கணவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா சொல்றதை மனசுல வச்சுக்காதே. அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றான் அவன்.

“செருப்பு ஏறலையா?”

“நாள் பூரா நின்னுக்கிட்டே முடி வெட்டறேன். கால் வீங்காம என்ன செய்யும்?”

அவள் அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. கடைசி நாட்களில் மாமனாரின் காலிலும் இதே பள்ளத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

“யூரின்ல எத்தனை நாளா ரத்தம் போகுது?”

அவன் சிரிக்கப் பார்த்தான். “எனக்கா? அது உன்னோடதுன்னு அம்மாவே சொல்லிட்டாங்களே.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவு ஆசையாய்ச் சொல்லக் காத்திருந்த செய்தி. உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு நாள் தள்ளிப் போய் ரெண்டு மாசமாச்சுங்க.”