ஆணி அடிக்கக் கூடாத வீடு

மனித குல வரலாற்றிலேயே வீட்டை வாடகைக்கு விடத் தெரிந்த ஒரே ஆள் தாம்தான் என்பதில் வீட்டுக்காரருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. புதிதாக வெள்ளையடித்த சுவரில் காலை வெயில் பால் போல வழிகிறது. அதில் ஆணி அடிப்பவருக்குச் சாவி கிடையாது என்பது அவர் போட்ட சட்டம். "குடி வர்றவனுக்கு நானே ஆணி அடிச்சுக் கொடுக்க நான் என்ன உன்ன மாதிரி ஏமாளியா?" என்கிறார், மைத்துனரிடம். மைத்துனருக்கும் இரண்டு வீடுகள் வாடகையில் இருக்கின்றன. "சரிங்க மாமா" என்று கொட்டாவி விடுகிறார். வீடு பார்க்க வந்திருப்பவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். இது அவர்கள் படியேறும் பத்தாவது வீடு. கையோடு கொண்டுவந்த பெண்டுலக் கடிகாரத்தை அவர் தரையில் கிடத்துகிறார். அது ஓடவில்லை. "படுக்க வெச்சா ஓடாதுங்க. மாட்டினாத்தான் என் பொழப்பும் ஓடும்," என்று அதைத் தூக்கிச் சுவரோடு பிடிக்கிறார். காலி அறை முழுக்க டிக் டிக் என்று நிறைகிறது. "நாள் முழுக்க இப்படியே பிடிச்சிட்டு நிக்க முடியுமாங்க?" என்று கேட்கிறார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஐயோ, இந்தச் சத்தத்துக்கு வயித்துல இருக்கறது தாளம் போடுதுங்க!" பெண்டுலத்தோடு வீட்டுக்காரரின் தலையும் இடமும் வலமும் ஆடுகிறது. அவர் வெளியே போகிறார். சுத்தியலும் ஸ்டூலுமாகத் திரும்பி வந்து, நாலு ஆணிகளை வாயில் கவ்வியபடி ஸ்டூலில் ஏறி, கடிகாரம் நேராக இருக்கிறதா என்று மைத்துனரைக் கண்ணாலேயே கேட்கிறார்.