ஒன்பதாயிரம் கிலோமீட்டர்

"மெல்போர்ன்லேர்ந்து சிங்கப்பூர் எட்டு மணி நேரம். அங்கேர்ந்து திருச்சி நாலேகால். நடுவுல ரெண்டரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். மொத்தம் ஒம்பதாயிரம் கிலோமீட்டர், புள்ள" என்று சொல்லியபடியே காரில் ஏறினான் ரகுநாத்.

தங்கை கணவன் அய்யப்பன் வண்டியை எடுத்தான். பின் சீட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் சிவரஞ்சனி.

அப்பா மலையாண்டி நேற்று மத்தியானமே போய்விட்டார். திருவரங்குளத்து வீட்டில் ஃப்ரீசர் பெட்டியில் கிடக்கிறார். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அண்ணனிடம் மட்டும், "அப்பாவுக்கு சீரியஸ், கெளம்பி வா" என்று சொல்லியிருந்தாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்வது அதைத்தான். உண்மையைச் சொன்னால் பதினைந்து மணி நேரமும் தன்னந்தனியாக அழுதுகொண்டே வரவேண்டுமே, பாவம்!

"கீரனூர் தாண்டுறதுக்குள்ள சொல்லிரு" என்று ஏர்போர்ட்டிலேயே அய்யப்பன் மனைவியின் காதைக் கடித்திருந்தான். தெருமுனையில் பந்தலைப் பார்த்து அவனாகத் தெரிந்துகொண்டால் பெரிய பாவம். சொன்னாலோ, பொய் சொன்ன தங்கையோடு இனி பேசவே மாட்டானோ என்று அவளுக்குப் பயம். இருப்பது ஒரே அண்ணன்.

கீரனூர் வந்தது, போனது. நாக்கு எழவில்லை.

"அப்பா பேசுனாரு" என்றான் ரகுநாத், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"எப்ப, நேத்தா?"

"இன்னிக்குத்தான். நம்ம டைம் விடியக்காலம் அஞ்சு மணி. நான் சிங்கப்பூர்ல உக்காந்திருக்கையில."

சிவரஞ்சனி தன் கைப்பையைத் தடவிப் பார்த்தாள். அப்பாவின் போன் நேற்றிலிருந்து அதில்தான் அணைந்து கிடக்கிறது. அய்யப்பன் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான்.

"என்ன... என்னண்ணே சொன்னாரு?"

"எப்பவும் கேக்குறதுதான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல முப்பது வருஷம் டைம் கீப்பரா இருந்த மனுஷன், வேற என்ன கேப்பாரு? நான் சொன்னதும் சிரிச்சாரு."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "அண்ணே, என்னைய மன்னிச்சுரு. அப்பா நேத்தே..."

"தெரியும்த்தா." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒன்னையத் திட்டக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு."

"போன்லயா?" என்றாள்.

"போன்ல இல்ல புள்ள. எம் பக்கத்துச் சேர்ல வந்து உக்காந்தாரு. 'இந்தத் தூரத்துக்கா பதினஞ்சு மணி நேரம்ங்குறே? நான் இப்பத்தான்டா வீட்டுலேர்ந்து கெளம்புனேன்'னாரு."