வெற்று விண்ணப்பம்

“ஒண்ணுமே எழுதாம எவனோ பொத்தானை அழுத்தி விளையாடியிருக்கான். அதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா தம்பி?”

குழந்தைகள் இல்லத்தின் தலைவியம்மா கேட்டார். அவருக்குக் கடவுள்மேல் நம்பிக்கை உண்டு, கம்ப்யூட்டர்மேல் கிடையாது. காலையில் ஓர் ஆள் தானாக வந்து நின்றான். “உங்க இணையதளத்தை எழுதின கம்ப்யூட்டர் மொழி இருக்கே, அதை உருவாக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். உங்க தத்தெடுப்புப் படிவத்துல கோளாறு இருக்கும்னு தோணுது. பார்க்கலாமா?” என்று கேட்டான். கூலி கேட்காத மெக்கானிக்கை யார் வேண்டாம் என்பார்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.

“விளையாட்டு இல்லம்மா. இதோ பாருங்க, எந்தக் குழந்தைக்குன்னு மட்டும் பதிவாகியிருக்கு. அது பக்கத்தோட முகவரியிலேயே இருக்கறதால தப்பிச்சிருக்கு.”

“எங்க வாயாடிக்குத்தான். மத்த கட்டமெல்லாம் காலி. பேர் இல்ல, விலாசம் இல்ல.”

“அவங்க எழுதியிருப்பாங்க. கூடவே நிறையப் படமும் வெச்சு அனுப்பியிருப்பாங்க. மொத்தமும் அளவைத் தாண்டினா, எங்க மொழி எல்லாத்தையும் கீழே போட்டுடும். மலையளவு அனுப்பி எவனும் கம்ப்யூட்டரை மூச்சுத் திணற வெச்சிடக் கூடாதில்ல? அதுக்காகச் செஞ்சது.”

“போடட்டும். போட்டுட்டேன்னு சொல்ல வேண்டாமா?”

அவன் தலையைச் சொறிந்தான். “அங்கதான் தப்பு. ‘காலியா வந்திருக்கு’ன்னு உங்க தளத்துக்குச் சொல்லுது. உங்க தளமும் அனுப்பினவங்களுக்கு ‘நன்றி, கிடைத்தது’ன்னு சொல்லிடுச்சு.”

“நல்ல மொழி! வாய் நிறையப் பேசினவங்களை ஊமைன்னு எழுதி வெக்குது. பாதியை வெட்டிட்டு மீதியையாவது வாங்கிக்கக் கூடாதா?”

“அது இன்னும் ஆபத்தும்மா. பாதி விலாசத்தை வெச்சுக்கிட்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க? ‘அளவு மீறிடுச்சு, குறைச்சு அனுப்புங்க’ன்னு முகத்துக்கு நேரா சொல்லணும். அதுதான் மரியாதை. இப்போ மாத்தினா பழைய தளமெல்லாம் தடுமாறும்னு எங்களுக்குள்ள ரொம்ப நாளா வாக்குவாதம். மாத்த வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னவன் நான்தான்.”

தலைவியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே அந்த வாயாடிச் சிறுமி, துணி மடிக்கும் ஆயாவிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒன்பது வயசு முடிஞ்சிடுச்சு. வர்றவங்க எல்லாம் கைக்குழந்தையைத்தான் கேக்கறாங்க. மத்தியானம் வண்டி வருது, பெரிய பொண்ணுங்க விடுதிக்கு. அங்க போயிட்டா அப்புறம் யாரு கேப்பா? பேரோட, விலாசத்தோட ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தாக்கூடப் போதும். அதைக் காட்டி இவளை இங்கயே நிறுத்திக்குவேன்.”

அவன் விசைப்பலகையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா? அனுப்பினவங்களை நீங்க வேண்டாம்னு தள்ளிடலையே?”

“யாருன்னே தெரியாதவங்களை எப்படிப்பா தள்ளுவேன்? அந்த வெத்து விண்ணப்பம் வந்த அன்னிக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்ல. ‘ஆண்டவா, பேர் சொல்ல மறந்தவங்களுக்கு நீயே ஞாபகப்படுத்து’ன்னு வேண்டிக்கிட்டேன்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் மின்விசிறியைக் குறைத்தார்.

“போனதைத் தோண்டி எடுக்க முடியாதா தம்பி?”

“முடியாதும்மா. அது எங்கயும் சேமிக்கப்படல.”

“அப்போ பாவம், நாம பதிலே போடலன்னு அவங்க மனசு உடைஞ்சிருக்கும். இனிமே எங்க திரும்ப அனுப்பப் போறாங்க!”

அவன் அதே படிவத்தைப் புதிதாகத் திறந்தான். முதல் கட்டத்தில் மெதுவாகத் தட்டச்சு செய்தான்.

“என்ன, சோதிச்சுப் பார்க்கறியா?”

“இல்லம்மா. உங்க வாயாடியோட வகுப்பு டீச்சர் என் மனைவிதான். எங்க வீட்டுல இவளுக்குன்னு ஒதுக்கின அறையை ஒரு மூலை விடாம படம் எடுத்து அனுப்பிட்டா. பதில் வரலைன்னதும் நமக்குக் கொடுத்து வெக்கலைன்னு அழுதா. நீங்க தள்ளிட்டீங்களா, என் மொழி தள்ளிச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்” என்றவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை அவர் பக்கம் திருப்பினான். “பெற்றோர்னு போட்டிருக்கிற இடத்துல யார் பேரை முதல்ல எழுதணும்மா, அவ பேரையா, என் பேரையா?”