எருமையை எழுப்பிய பேச்சு

முதுகில் தக்காளிக் கூடைகளோடு சந்தைக்குக் கிளம்பியது ஒரு கழுதை. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் பழமெல்லாம் கூழாகிவிடும். பாதி வழியில், குறுகலான சந்தில் ஓர் எருமை குறுக்கே படுத்திருந்தது.

“எழுந்திரு! தள்ளு!” என்று கத்தியது கழுதை. பிறந்ததிலிருந்து அது கேட்டதெல்லாம் அதட்டல்தான், வேறெப்படிப் பேசும்?

எருமை காதைக்கூட ஆட்டவில்லை.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வகுப்பு ஜன்னலோரம் குடியிருக்கும் கிளி, மதிலிலிருந்து சிரித்தது. “அட மண்டு, வாக்கியத்துல நாலு வகை இருக்கு. நீ கட்டளையையே பிடிச்சுத் தொங்குறியே! கேள்வியாக் கேளு.”

“ஏன் அண்ணே வழியில படுத்திருக்கீங்க?”

“தூக்கம் வருது.”

“சரி, உள்ள நிலைமையைச் சொல்லு,” என்றது கிளி.

“தக்காளி வேகுது அண்ணே.”

“பாவம்,” என்று எருமை கண்ணை மூடிக்கொண்டது.

கழுதைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முட்டித் தள்ளிவிடலாமென்று கிட்டே போய்க் குனிந்தது. அப்போதுதான் கொம்பைப் பார்த்தது.

“அடேயப்பா! எவ்வளவு பெரிய கொம்பு!”

எருமை துள்ளி எழுந்தது. “இந்தப் பக்கம் வந்து பாரு தம்பி, இது இன்னும் பெருசு!”

“நாலாவது வகை பலிச்சிருச்சு! வழி கிடைச்சாச்சு, ஓடுடா!” என்று அலறியது கிளி. கழுதையோ வாயைப் பிளந்தபடி நின்றது.

கடைசியில் எருமையே சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தது. ஒரு தக்காளிகூட நசுங்கவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் மட்டும் அது திரும்பிக் கேட்டது: “தம்பி, அப்போ என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு.”