மூலை ஸ்பீக்கர் பெய்த மழை

அந்த வீட்டு ஹால் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. நான்கு ஸ்பீக்கர்கள் சோபாவைச் சுற்றி இடம் பிடித்துக்கொண்டன. ஐந்தாவதுக்குச் சுவர் கிடைக்காமல், திருப்பத்துக்கு அப்பால் சமையலறை வாசலில் மாட்டிவிட்டார்கள்.

"அங்கே உன்னை யாருப்பா கேக்கப்போறாங்க?" என்று டிவிக்குக் கீழே இருந்த பெரிய ஸ்பீக்கர் சிரித்தது.

"என் முறை வரட்டும், பாருங்கண்ணே," என்றது சின்னது. தன் குரல்மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் படம் ஓடியது. கதாநாயகனின் நீள வசனத்தைப் பெரியது தொண்டை கிழியக் கத்தித் தீர்த்தது. சோபாவில் கொட்டாவி விட்டார்கள். அடுத்தது மழைக் காட்சி. சின்னது சோவென்று பிடித்துக்கொண்டது.

சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, "ஐயோ, துணி!" என்று அடுப்பை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினார்.

சின்னது மெல்லக் கேட்டது: "அண்ணே, உங்க வசனத்துக்கு சோபாவுல ஒருத்தராவது அசைஞ்சாங்களா?"