இரண்டு சுவர் தள்ளி

கூடத்தில் இன்டர்நெட் மோடத்தைக் காணோம்.

போன மாதம் நான்தான் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனேன். இப்போது ஆணி மட்டும் இருந்தது.

இந்த வீட்டுக்கு இது மூன்றாவது புகார். கொடுப்பது கத்தாரில் இருக்கும் மகன் விக்ரம். முதல் இரண்டையும், மோடத்தை ஆஃப் பண்ணிப் போடச் சொல்லிப் போனிலேயே முடித்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. பதினோரு மணிக்கு வீடியோ காலில் வருவான். இன்றைக்கும் படம் விட்டு விட்டு வந்தால் திங்கட்கிழமை முதல் நான் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மணி பத்து ஐம்பது.

கீரமங்கலம் ஆபீஸிலிருந்து வரும் வயரில் ஒரு குறையும் இல்லை. கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

விக்ரமின் அம்மா மீனம்மாளிடம் மோடம் எங்கே என்று கேட்டேன். காதில் விழாததுபோல், காபி போடவா என்றார். அவர் கணவர் ஆத்மநாதன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என் மேல் கோபம் போலிருக்கிறது. எனக்கும்தான் கோபம்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சமையலறை தாண்டி, கடைசி அறையில், நெல் டிரம்முக்குப் பின்னால் கிடந்தது மோடம். நடுவில் இரண்டு சுவர்; கூடத்துக்கு சிக்னல் எப்படி வரும்? இவ்வளவு தூரத்தில் ஒளித்து வைத்துவிட்டு என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறார்களே!

தூக்கிவந்து கூடத்தில் மாட்டினேன். மீனம்மாளின் போனை வாங்கி ஸ்பீடு பார்த்தேன். தொண்ணூறு, முழு வேகம்.

“வேண்டாம் தம்பி, எடுத்த எடத்துலயே வச்சுருங்க.”

ஏன் என்று சத்தம் போடத் திரும்பினேன். ஆத்மநாதனும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொன்னார். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

பக்கவாதம் வந்து மூன்று வாரமாகிறதாம். தெரிந்தால் மகன் ஓடிவந்துவிடுவான். ஒப்பந்தம் முடியாமல் பாதியில் வந்தால் வேலைக்குத் திரும்ப எடுக்கமாட்டார்களாம். லைன் சரியில்லை என்று சொல்லியே மூன்று வெள்ளிக்கிழமையை ஓட்டியிருக்கிறார்கள்.

மீனம்மாளின் போன் அடித்தது; விக்ரம்தான். மீனம்மாள் எடுக்கவில்லை. என்னையே பார்த்தார்.

மோடத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். டிரம்முக்குப் பின்னால் முன்னைவிட ஆழமாகத் தள்ளினேன். விளக்குகள் திரும்ப எரிய இரண்டு நிமிடமானது. மறுபடி அடித்தபோது கூடத்தில் நின்று நானே எடுத்தேன்.

“சார், கம்பத்துப் பாக்ஸுலேர்ந்து ஒங்க வீடு ரொம்பத் தூரம். இதுக்கு மேல வராது.”

விக்ரம் கத்த ஆரம்பித்தான். பாதி வார்த்தைதான் வந்து சேர்ந்தது. என் வேலை போயிற்று என்று தெரிந்துகொள்ள அதுவே போதுமாக இருந்தது.