ஒன்பது கோல்

"இண்டைக்கும் கோல் இல்லை" என்று, ஆட்டம் பார்த்து முடித்த கைபேசியை மேசையில் வைத்தார் ஞானசுந்தரம். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஆருக்கு?" என்று தெரிந்துகொண்டே கேட்டாள் மனைவி புனிதவதி.

"வேறை ஆருக்கு? உதயன்ரை பெடியன் கீர்த்தனனுக்குத்தான். ஐஸ் ஹொக்கிக்காரன் எண்டு லாச்சப்பல் முழுக்கத் தலையிலை தூக்கி வைச்சு ஆடுது. சறுக்கிச் சறுக்கி ஓடிப்போட்டு ஒண்டும் போடாமல் வாறதுக்குச் சம்பளம்."

"அப்ப ஏன் பாக்கிறியள்?"

அவர் கைபேசியை மறுபடி எடுத்து, அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று பார்த்தார்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய சோதனை. வருகிறவர்கள் எல்லாரும், "கீர்த்தனனைத் தெரியுமோ? எங்கடை பெடியன்" என்பார்கள். கத்தரிக்காயை நிறுத்தபடியே "ஓம்" என்பார். அந்த ஓமில் அரைக் கிலோ வயிற்றெரிச்சல் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய மகன் கஜனும் கீர்த்தனனும் சிறுவயதில் ஒரே கழகத்தில் விளையாடியவர்கள். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள், ஐஸில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஞாயிறுகளில் கடையில் சனம் முட்டும் என்பதால் கஜனை ஆட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவது புனிதவதிதான்.

பதினாறு வயதில் இரண்டு பேரையும் அல்ப்ஸ் மலைப்பக்கத்து அணி ஒன்று பயிற்சிக்குக் கேட்டது. உதயன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். ஞானசுந்தரம் வைக்கவில்லை.

"பல்லுப் போனால் ஆர் பொம்பிளை தருவினம்? இவன் படிக்கட்டும்."

கஜன் படித்தான். இப்போது பாரிஸ் அருகே சென் தெனியில் ஒரு அலுவலகத்தில் நல்ல வேலை. அப்பாவை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவரோடு அதிகம் பேசுவதும் இல்லை.

கீர்த்தனன் ஒருமுறை விழுந்து எழும்ப முடியாமல் போனால், அன்று கையெழுத்து வைக்காதது சரியென்று ஆகிவிடும். அதைப் பார்க்கத்தான் ஞானசுந்தரம் காத்திருந்தார். பதினொரு வருடம், ஒரு ஆட்டம் விடாமல், கடையின் பின்னறையில் வெங்காய மூட்டைமேல் இருந்து கைபேசியில் பார்த்தார்.

முப்பத்தொரு வயதில் முழங்கால் சரியில்லை என்று கீர்த்தனன் ஓய்வு பெற்றான். கடைக்காரர் சங்கம் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தது. ஞானசுந்தரம் முன்வரிசையில் இருந்தார், ஒரு பக்கம் புனிதவதி, மறுபக்கம் கஜன்.

சங்கத் தலைவர் குகதாசன் கீர்த்தனனுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பதினொரு வருசமும் நாங்கள் எல்லாரும் கீர்த்தனனோடை நிண்டனாங்கள். அவர் போட்ட நூற்றுக்கணக்கான கோல்களை எங்கடை பிள்ளையள் ஒருநாளும் மறக்காயினம்."

கைதட்டல். ஞானசுந்தரத்தால் தாங்க முடியவில்லை. எழும்பிவிட்டார்.

"பிழை. நூறும் இல்லை, ஒண்டும் இல்லை. பதினொரு வருசத்திலை ஒன்பது கோல். ஒன்பதே ஒன்பது."

புனிதவதி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணை, இது பொறாமை" என்றார் குகதாசன், மைக்கிலேயே.

பொறாமைதான். பதினொரு வருடமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னதில் ஞானசுந்தரத்தின் வயிறு குளிர்ந்திருந்தது.

கீர்த்தனன் மைக்கை வாங்கினான்.

"மாமா சொன்னது சரி. ஒன்பதுதான்." பிறகு அவரைப் பார்த்துக் கேட்டான். "மாமா, போன சீசன் நான் எத்தினை அடியைத் தடுத்தனான்?"

யோசிக்க முதலே வாய் சொல்லிவிட்டது. "எழுபத்திமூண்டு. கடைசி ஆறும் விரலிலை அடிபட்ட பிறகு. மட்டையை மாத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ."

கீர்த்தனன் தன் விரலைப் பார்த்தான்.

"விரல் முறிஞ்சதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றான். "குகதாசன் அண்ணை, நான் ஐஸிலை எந்த இடத்திலை விளையாடுறனான்?"

குகதாசன் கூரையைப் பார்த்தார்.

"நான் தடுப்பாட்டக்காரன். கோல் போடுறது என்ரை வேலை இல்லை. போட விடாமல் குறுக்கை விழுறதுதான் வேலை. இந்த மண்டபத்திலை அது ஒராளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

கீழே இறங்கி வந்து, தன் பொன்னாடையைக் கழற்றி ஞானசுந்தரத்துக்குப் போர்த்தினான்.

"அப்பாவுக்கு ரெஸ்ரோரன்ற் வேலை. ஒரு மட்ச் கூட முழுசாப் பாக்கேல்லை. நீங்கள் எல்லாத்தையும் பாத்திருக்கிறியள், மாமா."

இப்போது உண்மையான கைதட்டல். குகதாசனும் தட்டினார்.

ஞானசுந்தரம் கூச்சத்தோடு இருக்கையில் அமர்ந்தார். நெஞ்சு நிறைந்துதான் போயிருந்தது. ஒருவேளை இவ்வளவு காலமும் பொறாமை என்று நினைத்தது பாசம்தானோ என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தார்.

தோளிலிருந்து பொன்னாடை சரிந்தது. பக்கத்தில் இருந்த கஜன் அதை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டான். பிறகு, கோபமே இல்லாத குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"அப்பா, நானும் அஞ்சு வருசம் விளையாடினனான். அதிலை எத்தினை மட்ச் வந்து பாத்தனீங்கள்?"